அள்ளி வைக்கும் லூமுட்

கடலோர மீன் கடைகளில் தட்டு நிறைகிறது. அதற்கு நம் பணப்பையும் உடம்பும் கடலும் என்ன விலை கொடுக்கின்றன?

சனிக்கிழமை மாலை ஏழு மணி. பங்கோர் தீவிலிருந்து வந்த ஃபெர்ரி லூமுட் படகுத்துறையில் ஆட்களை இறக்கிவிடுகிறது. கரையோரக் கடை ஒன்றில் இரண்டு வட்ட மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து, மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்று உட்காருகிறது. பாட்டிக்குக் காற்று வரும் பக்கம். குழந்தைகள் மீன் தொட்டிக்குப் பக்கத்தில். உள்ளே அடுப்பு இரைகிற சத்தம் பேச்சையே மூழ்கடிக்கிறது.

"கெச்சிலா, பெசாரா?" சின்னதா பெரிதா என்று மலாயில் கேட்கிறார் ஆர்டர் எடுப்பவர். குடும்பத்துப் பெரியவர் யோசிக்கவே இல்லை. "பெசார், பாஸ்."

முதலில் வருவது சியாக்காப். நீள்வட்டத் தட்டு போதாமல் வால் விளிம்பைத் தாண்டி நிற்கிறது. மேலே இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, நறுக்கிய பச்சை மிளகாய்; கீழே கொதிக்கும் சாறு. அடுத்து வெண்ணெய் இறால், அதன்மேல் நூல்நூலாகப் பொரிந்த முட்டை. பிறகு லாலா, மாவில் பொரித்த கணவாய், பிளாச்சான் போட்ட கங்கோங். மேசையில் தண்ணீர்க் கோப்பை வைக்க இடமில்லை. பேத்தி கரண்டியால் மீனின் கன்னச் சதையை நோகாமல் தோண்டி எடுத்துப் பாட்டியின் சோற்றில் வைக்கிறாள். மீனில் ஆகச் சுவையான இடம் அதுதான். அதை யாருக்கு வைக்கிறோம் என்பதில் அந்த வீட்டு மரியாதை தெரிந்துவிடும்.

ஈப்போவிலும் சித்தியவானிலும் ஆயர் தாவாரிலும் லூமுட் கடைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ருசியைச் சொல்வதற்கு முன்பே "நெறைய வைப்பாங்க" என்பார்கள். மங்கிய விளக்கும் துணி விரிப்பும் உள்ள உணவகத்தில் மூன்று இறாலுக்கு நாற்பது வெள்ளி கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த அருமை தெரியும். அள்ளி வைக்கும் பழக்கம் நல்ல பழக்கம். அது நிலைக்க வேண்டும் என்பதால்தான் அந்தத் தட்டு எப்படி நிறைகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

லயத்திலிருந்து வட்ட மேசைக்கு

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடும் நெத்திலியும்தான். பச்சை மீன் வேண்டுமானால் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு லயத்துக்கு வரும் மீன்காரரைப் பார்க்க வேண்டும். கெம்போங் வாங்கினால் தலை குழம்புக்கு, நடுத்துண்டு பொரிக்க, வால் பிள்ளைகளுக்கு. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகள் அந்தத் தோட்டத்து ஜனங்கள். தட்டில் மிச்சம் வைத்தால் முதுகில் விழும்.

1980-களிலும் 90-களிலும் தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் முளைத்தன. ஜனங்கள் பட்டணம் போனார்கள். அவர்களின் மகனும் மகளும் கார் வாங்கி, பள்ளி விடுமுறையில் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு கடலுக்கு வரும்போது, மேசை நிறையச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது வெறும் பசிக்காக அல்ல. அந்த "பெசார்" என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு தலைமுறையின் குறை இருக்கிறது. அதைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு மனம் வராது.

தமிழருக்கு லூமுட் வேறு ஒரு வகையிலும் பழக்கமான ஊர். மாசி மகத்தன்று பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் ஆயிரக்கணக்கானோர் இந்தப் படகுத்துறையில்தான் வரிசை பிடிக்கிறார்கள். சாமி கும்பிட்டுத் திரும்பும் மறுநாள், விரதம் முடித்த குடும்பங்கள் கரையோரக் கடைகளை நிரப்பிவிடும்.

┌ ஊர்க் குறிப்பு ┐
• லூமுட், பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், ஈப்போவிலிருந்து 80 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் இருக்கிறது.
• 1874 பங்கோர் உடன்படிக்கையை அடுத்து, டிண்டிங்ஸ் என்ற பெயரில் இந்த வட்டாரம் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்தது. 1935-இல் பேராக்கிடம் திரும்பியது.
• அரச மலேசியக் கடற்படையின் முக்கியத் தளம் இங்கே இருக்கிறது. வார நாட்களில் கடைகளைத் தாங்குவதில் கடற்படைக் குடும்பங்களுக்கும் பங்குண்டு.
• பங்கோர் தீவு 2020 ஜனவரி 1 முதல் தீர்வையற்ற தீவு. நெத்திலிக்கும் காய்ந்த கணவாய்க்கும் பெயர் போனது.
└

ஒரு மீன், 1,196 வெள்ளி

2021 நவம்பரில் நாடு முழுக்கப் பேசியது லங்காவியில் விற்ற ஒரு சியாக்காப்பைப் பற்றி. மிதக்கும் உணவகம் ஒன்றில் சாப்பிட்ட குழுவின் ரசீது சமூக ஊடகங்களில் பரவியது. மீனின் எடை 7.48 கிலோ, விலை 1,196 வெள்ளி 80 காசு. அவ்வளவு பெரிய தொகையைப் பார்த்ததும் கொள்ளை என்றார்கள் பலர். விலையைக் கேட்காமல் ஆர்டர் கொடுத்தது யார் தப்பு என்றார்கள் மற்றவர்கள். உள்நாட்டு வாணிப அமைச்சு விசாரணைக்கு இறங்கியது.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 100 கிராம் 16 வெள்ளி. பட்டியலில் இந்த எண்ணைப் பார்க்கும் யாருக்கும் நெஞ்சு அடைக்காது. பதினாறு வெள்ளிதானே? ஆனால் கிலோவுக்கு அது 160 வெள்ளி. 7.48-ஆல் பெருக்கினால் அந்த ரசீது வந்துவிடுகிறது. பெருக்கலில் ஒரு காசு பிசகில்லை. நூறு கிராம் கணக்கில் எழுதும் வழக்கமும் வாடிக்கையாளரின் கூச்சமும் சேர்ந்து செய்த வேலை அது.

கூச்சம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சந்தையில் கத்தரிக்காய்க்கு ஐம்பது காசு பேரம் பேசும் நாம், கடலோரக் கடையில் உட்கார்ந்ததும் விலை கேட்க வாய் திறப்பதில்லை. கூட வந்தவர்கள் முன்னால் விலை கேட்டால் கௌரவம் குறையும் என்று நினைப்பு. சுவரில் "பருவ விலை" என்று எழுதியிருக்கும். அப்படியென்றால் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. நியாயமாக நடத்தும் கடைக்காரர் கேட்பவரை மதிப்பார். மீனைத் தொட்டியிலிருந்து எடுத்து, தராசில் வைத்து, எடையையும் மொத்த விலையையும் சொல்லி, "சரியா?" என்று கேட்ட பிறகே அடுப்புக்கு அனுப்பும் கடைகள் லூமுட்டிலும் உண்டு. அந்தக் கடைகளைத் தேடிப் போவோம்.

இந்தப் பெருக்கல் சாதாரணக் குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று பார்த்தால் நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. எட்டுப் பேர் சாப்பிட்ட பில் 240 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் இது பெரிய பில்லே இல்லை. ஆனால் அது கிட்டத்தட்ட நான்கு நாள் உழைப்பு. பெற்றோருக்காக மனமுவந்து செய்கிற செலவுதான். அப்படிச் செய்கிறவர் ரசீதைப் பார்த்து முகம் வெளிறக் கூடாது.

┌ பில் வருவதற்கு முன் ┐
• 100 கிராம் விலையைப் பத்தால் பெருக்குங்கள். அதுதான் கிலோ விலை.
• மீன், நண்டு, பெரிய இறால் மூன்றையும் உங்கள் கண்முன் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். ஐஸும் தண்ணீரும் வடிந்த பிறகு நிறுக்கட்டும்.
• எட்டுப் பேர் என்றால் எல்லா வகையிலும் "பெரிது" தேவையில்லை. மீன் ஒன்றைப் பெரிதாகச் சொல்லி, மற்றவற்றை நடுத்தர அளவில் சொன்னால் போதும். பற்றாவிட்டால் மறுபடி சொல்லலாம். பத்து நிமிடத்தில் வரும்.
• ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள் 6 சதவீத சேவை வரி சேர்க்கும். சிறு கடைகள் சேர்க்க முடியாது.
• விலைப் பட்டியல் இல்லாவிட்டாலோ பில்லில் சந்தேகம் இருந்தாலோ, உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணுக்குச் சொல்லலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் கேட்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி.
└

தட்டை நிரப்புவது எந்தக் கடல்?

கடலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஆகவே தட்டில் இருப்பது எதிரே தெரியும் கடலிலிருந்து காலையில் வந்தது என்று நம்புகிறோம். சில நேரம் உண்மை. பல நேரம் இல்லை.

சியாக்காப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கொடுவா என்கிறார்களே, அதே மீன். மலேசிய உணவகங்களில் கிடைப்பது பெரும்பாலும் கூண்டிலோ குளத்திலோ வளர்த்தது. இறாலிலும் வளர்த்தது உண்டு. வருடம் முழுக்க ஒரே அளவில் மீன் கிடைப்பதும், ஒரு மேசைக்கு ஒரு கிலோ மீனைக் கடைக்காரர் தைரியமாக வைப்பதும் வளர்ப்பு மீனால்தான். அதில் தப்பில்லை. ஆனால் கூண்டு மீனுக்கு எதைப் போடுகிறார்கள்? மாவுத் தீவனம் போடுவோர் உண்டு. இழுவைப் படகுகள் அள்ளிவரும் பொடி மீனை வாங்கிப் போடுவோரும் உண்டு. மலாயில் "ஈக்கான் பாஜா" என்கிறார்கள், உர மீன் என்று. அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தால் வளர்ந்திருந்தால் சந்தைக்கு வந்திருக்க வேண்டிய குஞ்சுகளும் கிடக்கும். நாளைய மீனை இன்றைய கூண்டு தின்கிறது.

இழுவை வலை இந்தக் கரைக்கு வந்தது 1960-களில். வந்த வேகத்தில் ரத்தமும் சிந்தியது. கரையோரத்தில் சிறு வலை போட்டுப் பிழைத்தவர்களின் வலைகளை இழுவைப் படகுகள் கிழித்துக்கொண்டு போயின. இவர்கள் திருப்பி அடித்தார்கள். 1964 முதல் 1976 வரை தீபகற்பத்தின் மேற்குக் கரையில் நடந்த மோதல்களில் 34 மீனவர்கள் இறந்தார்கள். 40-க்கு மேற்பட்ட படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. அதைவிட அதிகமானவை நாசமாயின. மீனுக்காக ஒரே கடலில் மனிதர்கள் ஒருவரையொருவர் கொன்ற வரலாறு நம் வாசலில் நடந்தது. பள்ளிப் பாடத்தில் அதைப் படித்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதன் பிறகு 1980-களில் கடலை மண்டலங்களாகப் பிரித்து, கரையையொட்டிய ஐந்து கடல் மைலைச் சிறு மீனவருக்கு ஒதுக்கினார்கள். எல்லை மீறல் புகார்கள் ஓயவில்லை. கடலடியில் வாழும் மீன்வளமோ, 1960-களில் இருந்ததோடு ஒப்பிட்டால் இந்தக் கரையில் மிக மோசமாகச் சரிந்துவிட்டது.

கெராங்கின் கதை இன்னும் வேகமானது. வெந்நீரில் முக்கி மிளகாய்ச் சாற்றில் தொட்டுத் தின்னும் அந்தச் சிப்பியை ஒரு காலத்தில் பேராக்கில் தட்டு நிறைய, விலை பார்க்காமல் வாங்கினோம். 2010-இல் நாட்டில் சுமார் 78,000 டன் கெராங் எடுக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் அது கால் பங்குக்கும் கீழே போனது. இன்று கடையில் ஒரு சின்னத் தட்டுக்குச் சொல்லும் விலையைக் கேட்டு வயதானவர்கள் அதிர்ந்து போகிறார்கள்.

ஆறுதலுக்கும் ஒன்று உண்டு. லூமுட்டுக்கு வடக்கே மாத்தாங் அலையாத்திக் காடு இருக்கிறது. சுமார் 40,000 ஹெக்டேர். 1902-இலிருந்து சுழற்சி முறையில் மரம் வெட்டி, மறுபடி நட்டு, காட்டைக் காட்டாகவே வைத்திருக்கிறார்கள். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் பெருகுவது அந்தச் சேற்றில்தான். நாம் சாப்பிடும் காட்டு இறால் ஒவ்வொன்றுக்கும் அந்த வேர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கரையோர நிலத்துக்குத் தொழிற்சாலையும் துறைமுகமும் வரிசை கட்டி நிற்கும் காலத்தில், அந்தக் காட்டில் ஒரு ஏக்கர் போனாலும் இழப்பு நம் மேசையில்தான் தெரியும்.

உடம்பு கேட்கும் கேள்வி

மீன் நல்லது. டாக்டரும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் கடலோர விருந்தில் மீன் மட்டுமா வருகிறது? வெண்ணெயும் பாலும் எண்ணெயும் இறாலோடு வருகின்றன. புளிப்பு இனிப்புச் சாறு சர்க்கரையோடு வருகிறது. குழந்தைகளுக்கு சிராப் பண்டோங், பெரியவர்களுக்குத் தே தாரேக், எல்லாருக்கும் இரண்டாம் முறை சோறு.

2023 தேசிய உடல்நல ஆய்வு சொல்வதைக் கேளுங்கள்: மலேசியாவில் பெரியவர்களில் 15.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். 54.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவு மிக அதிகம் இந்தியர்களிடையேதான். அந்த எட்டுப் பேர் மேசையில் மாத்திரை டப்பா கைப்பையில் இருப்பவர் ஒருவராவது இருப்பார். அநேகமாக அந்தப் பாட்டிதான்.

அதற்காக விருந்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை. பொரித்ததில் ஒன்றை ஆவியில் வேகவைத்ததாக மாற்றலாம். சாறு தனிக் கிண்ணத்தில் கேட்கலாம். குளிர்பானத்துக்குப் பதில் சீனத் தேநீர் ஒரு குடுவை. கெராங் சாப்பிட்டால் நன்றாக வேகட்டும். அரைவேக்காட்டுச் சிப்பி மஞ்சள் காமாலைக் கிருமியைச் சுமந்து வரக்கூடும். கீல்வாதம், யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் இறாலிலும் சிப்பியிலும் கை அடக்குவது நல்லது.

மிஞ்சியது எங்கே போகிறது?

விருந்து முடிந்த மேசையைப் பாருங்கள். சியாக்காப்பின் ஒரு பக்கம் தொடாமல் இருக்கும். கணவாயில் பாதி. சோற்றுப் பானையில் கால் பங்கு. இளையவர்கள் ஃபோனோடு எழுந்து கடலைப் படம் பிடிக்கப் போய்விடுவார்கள். பணியாள் வந்து எல்லாவற்றையும் ஒரே வாளியில் வழித்துக் கொட்டுவார். ஐந்து விநாடி வேலை.

மலேசியா முழுக்க நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவுக் கழிவு சேர்கிறது என்கிறது திடக்கழிவு நிர்வாக நிறுவனம். அதில் ஏறக்குறைய கால் பங்கு, கொட்டும்போதும் சாப்பிடத் தகுந்த நிலையில் இருப்பது. கருவாட்டுத் தலையைக்கூட வீணாக்காத வீட்டிலிருந்து வந்தவர்கள் நாம். பெரிய தட்டு கேட்கும் உரிமை நமக்கு உண்டென்றால், மிச்சத்தைத் தாப்பாவ் கட்டிக்கொண்டு போகும் பொறுப்பும் நமக்குத்தான். அதைக் கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். வீட்டிலிருந்தே மூடியுள்ள இரண்டு டப்பா காரில் போட்டுக்கொண்டால் பிளாஸ்டிக் பையும் மிச்சம். ஆவியில் வெந்த மீனை மறுநாள் காலை உதிர்த்து, வெங்காயம் பச்சை மிளகாய் போட்டுப் புட்டாக வதக்கினால், அதன் ருசி முதல் நாள் ருசிக்குக் குறையாது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அள்ளி வைப்பதால்தான் ஈப்போவிலிருந்து வருகிறோம். பட்டியலில் கிலோ விலையையும் சேர்த்து எழுதுங்கள். எத்தனை பேருக்கு எந்த அளவு போதும் என்று ஆர்டர் எடுப்பவரே சொல்லட்டும். சியாக்காப்பும் இறாலுமே முகப்பில் நிற்க வேண்டும் என்பதில்லை. கெம்போங், செலார், செஞ்சாரு எல்லாம் மேல்மட்ட நீரில் கூட்டமாக வளர்கிற, மலிவான, சத்துள்ள மீன்கள். வயிற்றில் சம்பல் அடைத்துச் சுட்ட செஞ்சாரு ஒரு தட்டு வைத்தால் எந்த விருந்துக்கும் குறை வராது. கரையோரச் சிறு மீனவர் அன்று கொண்டுவந்ததை ஒரு பலகையில் எழுதி வாசலில் வையுங்கள். அதைச் சாப்பிட ஆள் இருக்கிறது.

வாசகர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் லூமுட் போனால் வயிறார, மனசாரச் சாப்பிடுங்கள். மீனைத் தராசில் ஏற்றும்போது எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று விலையைக் கேளுங்கள். அந்தக் கரையில் பிடித்த மீன் எது என்றும் கேட்டு, முதலில் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.